பிரிட்ஜில் வைத்தும் பழுதாகிற சாமான்கள்: உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள்?

சுதா_வெள்ளவத்தை · ஞாயிறு இரவு 9.20

இன்று காலை பிரிட்ஜைக் கழுவுவோம் என்று கீழ் லாச்சியை வெளியே இழுத்தேன். போன ஞாயிறு வாங்கிய வல்லாரைக் கட்டு பொலித்தீன் பைக்குள் பச்சைத் தண்ணியாகக் கிடந்தது. அதற்கு அடியில் சுருங்கின கரட் இரண்டு, வழுவழுத்த போஞ்சி ஒரு பிடி, பாதி தேசிக்காய் மூன்று. ஒரே தேசிக்காயின் பாதிகள்கூட இல்லை, மூன்றும் வெவ்வேறு. மேல் தட்டில் பழைய பட்டர் பெட்டிக்குள் பருப்பு. மாமி அது செவ்வாய்க்கிழமைப் பருப்பு என்கிறா. இவர் அதற்கும் முதல் கிழமை என்கிறார். மணந்து பார்க்க இரண்டு பேருக்கும் துணிவில்லை.

நாங்கள் ஐந்து பேர்: மாமி, நாங்கள் இருவர், பிள்ளைகள் இரண்டு. இரண்டு பேரும் வேலை, வீடு வர ஏழு மணி ஆகும். அதனால் ஞாயிறு காலை கிருலப்பனைச் சந்தைக்குப் போய் ஒரு கிழமைக்கும் சேர்த்து மரக்கறி வாங்கி வருவோம். இரண்டு கதவு பிரிட்ஜ், 250 லீட்டர் வரும். போன மாதம் ஒழுங்காக அடுக்குவோம் என்று பன்னிரண்டு பிளாஸ்டிக் பெட்டி வாங்கினேன். இப்போது சாமான்கள் வடிவாக அடுக்கப்பட்டுப் பழுதாகின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்.

தேங்காய் 200 ரூபாவைத் தாண்டியிருந்த நேரத்தில்கூடத் துருவிய தேங்காய்ப்பூவை நான் குப்பையில் கொட்டியிருக்கிறேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. நீங்கள் எல்லோரும் எப்படி வைத்திருக்கிறீர்கள்?

நளபாகன் · ஞாயிறு இரவு 9.41

உங்கள் வீட்டுப் பருப்பின் தம்பி எங்கள் வீட்டிலும் இருக்கிறான். பதிலைப் பார்க்க உட்கார்ந்திருக்கிறேன்.

குசினிக்காரி · ஞாயிறு இரவு 10.05

சுதா, பெட்டி வாங்கினது பிழையில்லை, முதல் அதை வாங்கினதுதான் பிழை. ஒரு கிழமைக்கு ஒன்றும் மாற்றாதீர்கள். பிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, எறிகிற ஒவ்வொன்றையும் எழுதுங்கள். எத்தனை நாள் இருந்தது, ஏன் எறிந்தீர்கள், இரண்டு சொல் போதும். நான் நான்கு வருடத்துக்கு முதல் இப்படி எழுதினேன். எல்லாம் வீணாகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் கீரை, பாண், சோறு, தேங்காய்ப்பால் இந்த நாலும்தான் திரும்பத் திரும்ப வந்தன. மற்றதெல்லாம் எப்போதாவது ஒரு தரம்.

இன்னொன்று, உள்ளே தெரியாத பெட்டிகளை விட்டுவிடுங்கள். பட்டர் பெட்டி, ஐஸ்கிரீம் பெட்டி எல்லாம் மாவுக்கும் மிளகாய்க்கும் நல்லது. சமைத்த கறிக்குக் கண்ணாடிப் போத்தல், இல்லாவிட்டால் உள்ளே தெரிகிற பெட்டி. கண்ணில் படாத கறியை ஒருவரும் சாப்பிட மாட்டார்கள்.

குளிர்பெட்டி_மெக்கானிக் · திங்கள் காலை 6.15

அடுக்குகிறதைப் பற்றி அக்காமார் சொல்வார்கள். நான் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன், இருபது வருடமாக இதுதான் தொழில். கீரை ஒரு கிழமையில் தண்ணியாகிறது என்றால் உங்கள் பிரிட்ஜ் சரியாகக் குளிர்கிறதா என்று முதல் பாருங்கள். நான் போகிற வீடுகளில் அரைவாசிப் பேர் டயலில் உள்ள இலக்கத்தை வெப்பநிலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது அப்படி இல்லை. 1 முதல் 5 வரை இருக்கும் சாதாரண டயலில் 5 தான் கூடின குளிர். "கரண்ட் பில் ஏறும்" என்று 1 இல் வைத்துவிட்டு, பால் திரைந்துவிட்டது என்று என்னைக் கூப்பிடுவார்கள்.

ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் வெப்பமானியைப் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க விடுங்கள். காய்ச்சல் பார்க்கிறது சரிவராது, அது அவ்வளவு கீழே காட்டாது. காலையில் கதவைத் திறந்தவுடன் பாருங்கள். 4 பாகைக்குக் கிட்ட இருக்க வேண்டும், 5 ஐத் தாண்டக்கூடாது. பிரீசர் −18.

பிறகு கதவு ரபர். ஒரு தாளைக் கதவுக்கு நடுவில் வைத்து மூடி இழுங்கள். சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் குளிர் அந்த வழியால் வெளியே போகிறது. பல நேரம் ரபரை மாற்றத் தேவையில்லை, சவர்க்காரத் தண்ணியால் அழுக்கைத் துடைத்தாலே ஒட்டும். பின்சுவரோடு முட்டி வைக்காதீர்கள், சூடு வெளியேற இடம் வேண்டும். வெள்ளவத்தையில் கடற்காற்று வேறு, பின்பக்கக் கம்பிகளில் தூசும் துருவும் சேரும்.

உள்ளே பின்பக்கத்தில் குளிர்காற்று வரும் துவாரம் இருக்கும். அதை அடைத்து ஒரு பெரிய சட்டியை வைத்தால், சட்டிக்குப் பின்னால் இருப்பது உறையும், முன்னால் இருப்பது பழுதாகும். கதவுத் தட்டுத்தான் பிரிட்ஜிலேயே சூடான இடம், திறக்கத் திறக்க வெளிச்சூடு அங்கேதான் அடிக்கும். சோஸ், ஜாம், ஊறுகாய், தண்ணீர்ப் போத்தல் அங்கே. முட்டைக்குக் கதவில் குழி வைத்துத் தந்திருந்தாலும் முட்டையையும் பாலையும் உள்ளே வையுங்கள்.

சுதா_வெள்ளவத்தை · செவ்வாய் காலை 6.50

மெக்கானிக் அண்ணா, 9 பாகை! டயல் 2 இல் இருந்தது, காரணம் நீங்கள் சொன்ன அதே கரண்ட் பில். துவாரத்தை அடைத்துக்கொண்டு மாமியின் தயிர்ச்சட்டி. டயலை 4 க்கு மாற்றி, சட்டியைக் கீழ்த்தட்டுக்கு இறக்கியாகிவிட்டது. மாமிக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம்.

கடற்கரைக்காற்று · செவ்வாய் காலை 8.30

நான் மாற்றுக் கருத்துச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். கொழும்பில் இருந்துகொண்டு ஒரு கிழமைக் கீரையை ஏன் வாங்க வேண்டும்? காலி வீதிக்கு இறங்கினால் கடை, சந்திக்குச் சந்தி தள்ளுவண்டி. அன்றன்றைக்கு வேண்டியதை வாங்கினால் லாச்சியே தேவையில்லை. எங்கள் அம்மா அப்படித்தான் செய்தா.

சுதா_வெள்ளவத்தை · செவ்வாய் பகல் 12.40

உங்கள் அம்மா ஏழு மணிக்கு ஒபிசில் இருந்து வந்தவவா? அந்த நேரத்துக் கடையில் மிஞ்சுகிற முருங்கைக்காயை நீங்களே வந்து பாருங்கள்.

குசினிக்காரி · செவ்வாய் பகல் 1.15

இரண்டு பேரும் நில்லுங்கள். இரண்டிலும் விசயம் இருக்கிறது. கிழங்கு, கரட், பூசணி, கோவா எல்லாம் கிழமைச் சந்தையில் வாங்கலாம். கீரையையும் மீனையும் நடுவில் ஒரு நாள் கையளவாக வாங்கினால் போதும். ஆனால் கீரையை யாரும் பாதிக் கட்டாகத் தர மாட்டார்களே, அதுதான் எனக்கும் இடிக்கிறது. மூன்று பேர் வீட்டுக்கு ஒரு கட்டு கங்குன் இரண்டு நேரத்துக்குக் காணும்.

ஹட்டன்காரன் · செவ்வாய் இரவு 9.00

எனக்கு ஊரில் இருந்து மாதம் ஒருமுறை பஸ்ஸில் சாக்கு வரும். லீக்ஸ், கரட், கோவா, பீற்றூட். தனி ஆள். பழுதாக்காமல் முடிக்கப் பழகிவிட்டேன்.

மரக்கறியைக் கழுவி உள்ளே வைக்காதீர்கள். ஈரம்தான் எமன். கரட், பீற்றூட் தலையில் இருக்கும் இலையை உடனே வெட்டிவிட வேண்டும், விட்டால் அது கிழங்கில் உள்ள தண்ணியை இழுத்துக்கொண்டே இருக்கும். கோவாவைக் குறுக்கே வெட்டாமல் வெளியிலிருந்து இலை இலையாக உரித்து எடுத்தால் மிச்சம் நீண்ட நாள் நிற்கும். லீக்ஸைப் பழைய பேப்பரில் சுற்றுங்கள்.

கீரைக்கும் பேப்பர்தான். வீட்டுக்கு வந்தவுடன் கட்டை அவிழ்த்து (கட்டின இடத்தில்தான் முதலில் அழுகத் தொடங்கும்), மஞ்சள் இலையைப் பொறுக்கி, உலர்ந்த பேப்பரில் தளர்வாகச் சுற்றி, பையைக் கொஞ்சம் திறந்தபடி லாச்சியில். இரண்டாம் நாள் பேப்பர் நனைந்திருந்தால் மாற்றுங்கள். வல்லாரை, பொன்னாங்காணி இப்படி நாலைந்து நாள் எனக்கு நிற்கிறது. கறிவேப்பிலை, பச்சைமிளகாய்க்கும் இதே முறை. மிளகாய்க்குக் காம்பை ஒடித்துவிட வேண்டும்.

சுதா அக்கா, உங்கள் லாச்சியில் பழம் ஏதும் கிடந்ததா? மாங்காயை அரிசிப் பானைக்குள் புதைத்துப் பழுக்க வைப்போமே, பழம் விடுகிற எத்திலீன் வாயுவை வெளியே போகவிடாமல் வைக்கிற வேலைதான் அது. அதே வாயு மூடின லாச்சிக்குள் கீரையை மஞ்சளாக்கும். பழுத்த மாம்பழம், பப்பாசி, அப்பிள், தக்காளி ஒரு பக்கம், இலைவகை வேறு பக்கம்.

உள்ளே போகவே கூடாதவையும் உண்டு. வாழைப்பழம் கறுக்கும். உருளைக்கிழங்கின் மாப்பொருள் குளிரில் சீனியாக மாறும், பொரித்தால் கருகும், இனிக்கும். வெங்காயம், உள்ளி காற்றோட்டமாக வெளியே, அதுவும் கிழங்குக் கூடையில் இருந்து தள்ளி. தக்காளி பழுக்கும்வரை வெளியேதான், பிரிட்ஜுக்குள் வைத்தால் ருசி செத்துவிடும்.

சுதா_வெள்ளவத்தை · செவ்வாய் இரவு 9.22

இரண்டு பப்பாசி. வல்லாரைக்கு மேலேயே.

மருதானை_ராத்தா · புதன் காலை 10.10

பிரீசரை ஒருவரும் பேசவில்லையே. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு எங்கள் வீட்டுக்கு வருகிற குர்பான் இறைச்சியைப் பார்த்தால் விளங்கும், ஒழுங்கு இல்லாவிட்டால் ஒரே நாளில் பிரீசர் மூடாது. நான் ஒரு சமையலுக்கு வேண்டிய அளவாகப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, கையால் அமத்தித் தட்டையாக்குவேன், ஒரு விரல் தடிப்புக்கு. தாம்பாளத்தில் பரப்பி உறைய விட்டால் பிறகு புத்தகம் மாதிரி நிற்க வைக்கலாம். உருண்டையாக உறைந்த இறைச்சி இளக அரை நாள் போகும், தட்டை சீக்கிரம் இளகும். பையில் மார்க்கரால் திகதியும் பெயரும். ஆடா மாடா என்று உறைந்த பிறகு பார்த்துச் சொல்லிவிடுவேன் என்று நினைக்காதீர்கள் தங்கச்சி, முடியாது.

தேங்காய்க்கும் இதே வழி. துருவின பூவைப் பிடி பிடியாகத் தட்டைப் பையில். உறைந்த பூவில் பால் பிழியலாம், சொதிக்குக் குறையே இல்லை. சம்பலுக்கு மட்டும் அன்றைக்குத் துருவினதுதான் ருசி.

நோன்பு மாதத்தில் பள்ளிக் கஞ்சியும் வரும், வீட்டிலும் சமைப்போம், பக்கத்து வீட்டில் இருந்தும் தட்டு வரும். அந்த மாதம் மட்டும் நடுத்தட்டை வெறுமையாக விட்டுவிடுவேன். வருகிறதை வைக்க இடம் இல்லாவிட்டால், வந்தது பழையதுக்கு முன்னால் போய் நிற்கும். பழையது அப்படித்தான் காணாமல் போகிறது.

தெஹிவளைப்_பெரியம்மா · புதன் பின்னேரம் 4.30

பிள்ளைகளே, எங்கள் வீட்டில் பிரிட்ஜ் வந்தது எனக்குப் பதினாறு வயதில். அதற்கு முதல் மிஞ்சிய கறிக்கு உறி, மிஞ்சிய சோற்றுக்குத் தண்ணி. அடுத்த நாளுக்கு மேல் ஒன்றும் நில்லாது என்று தெரியும், அதனால் அளந்துதான் உலையில் போடுவோம்.

நான் இப்போதும் நடத்துகிற ஒழுங்கு ஒன்றுதான், வியாழக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளி சைவம். மீன், இறைச்சி, முட்டை எதுவும் வியாழன் இரவோடு முடிய வேண்டும் என்று அம்மா வைத்த சட்டம். அதற்காக வியாழன் பின்னேரம் பிரிட்ஜை முழுக்கத் திறந்து பார்க்கத்தான் வேண்டும். பார்த்தால் ஒரு துண்டுப் பாரைமீன் குழம்பு இருக்கும், கொஞ்சம் கத்தரிக்காய், ஒரு கரண்டி பருப்பு, யாரும் தொடாத பூசணி. எல்லாவற்றையும் மண்சட்டியில் ஒன்றாகக் கொட்டி, அடுப்பை நன்றாகக் குறைத்துவிட்டு வற்ற விடுவேன். கிண்டக்கூடாது, சட்டியைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். முதலில் சளசளவென்று கொதிக்கும், பிறகு சத்தம் குறையும், ஓரத்தில் எண்ணெய் பிரியும். அடியில் மெல்லப் பிடிக்கிற மணம் வந்ததும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டு இறக்க வேண்டும். சுண்டக்கறி. பாணோ, பிட்டோ. சட்டி அடியைச் சுரண்ட என் பேரன்மார் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். இதற்கென்றே அவர்கள் புதன்கிழமைக் கறியை மிச்சம் விடுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

சுதா பிள்ளை, தயிர்ச்சட்டியைக் கீழே இறக்கினதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் மாமி கவலைப்பட்டதில் நியாயம் இருக்கு. பச்சை மீன் எந்தத் தட்டில் இருக்கிறது? மீனுக்கு மேலேதான் தயிர் இருக்க வேணும்.

தாதி_கொட்டாஞ்சேனை · புதன் இரவு 8.15

பெரியம்மா சொன்னதைத்தான் எங்களுக்கு வகுப்பிலும் படிப்பித்தார்கள், காரணம் மட்டும் வேறு. பச்சை மீன், இறைச்சி எப்போதும் அடித்தட்டில், விளிம்புள்ள பாத்திரத்தில் மூடி. அதில் இருந்து சொட்டுகிற தண்ணி அப்படியே சாப்பிடுகிற சாமானில் விழக்கூடாது. சைவத்தை மேலே வைக்கிற வீடுகளில் இந்த ஒழுங்கு தானாகவே வந்துவிடுகிறது. மாமியிடம் சொல்லுங்கள், சந்தோசப்படுவா.

ஒரு விசயத்தில் மட்டும் கொஞ்சம் பயப்படுங்கள். சோறு. அரிசியில் இருக்கும் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிக்க வைத்தாலும் சாகாது. சோறு இளஞ்சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை விடும், அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. பகல் சோற்றைப் பானையோடு மூடி இரவு வரை குசினியில் விடுவதுதான் ஆபத்து. தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜுக்குள். பெரிய சட்டியோடு வைத்தால் நடுப்பகுதி குளிர வெகுநேரம் எடுக்கும், சின்னப் பாத்திரங்களாகப் பிரியுங்கள்.

சமைத்த கறி மூன்று நாள், மிஞ்சினால் நாலு. தேங்காய்ப்பால் விட்ட சொதியை நான் அடுத்த நாளுக்கு மேல் வைப்பதில்லை. சுண்டக்கறிக்குப் போகிற கறிகளும் பிரிட்ஜில் இருந்து வந்தவையாக இருக்கட்டும், மேசையில் கிடந்தவை வேண்டாம். எல்லாம் ஒருமுறை கொதித்து ஆவி பறக்க வேண்டும். அதில் மிஞ்சினால் திரும்ப உள்ளே வைக்க வேண்டாம்.

நளபாகன் · புதன் இரவு 8.40

சுண்டக்கறியில் மிஞ்சுவதா? நீங்கள் எந்த வீட்டில் சாப்பிட்டீர்கள்?

குளிர்பெட்டி_மெக்கானிக் · வியாழன் காலை 6.05

இறைச்சி சேர்த்து வைக்கிறவர்களுக்கு ஒரு சொல். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததே, அந்த நேரம் கொழும்பில் எத்தனை பிரீசர் நாறியது என்று எனக்குத் தெரியும். 2025 பெப்ரவரி 9 ஞாயிறு, பாணந்துறையில் ஒரு குரங்கு உபமின்நிலையத்துக்குள் பூந்து நாடே இருண்டது. எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் பிரிட்ஜ் 4 மணித்தியாலம் தாங்கும், நிரம்பின பிரீசர் 48, பாதி நிரம்பினது 24. பிரீசரில் இடம் இருந்தால் தண்ணீர்ப் போத்தல்களை முக்கால்வாசி நிரப்பி உறைய விடுங்கள், குளிரைப் பிடித்து வைக்கும். வெளியூர் போகிறவர்கள் ஒரு கோப்பைத் தண்ணியை உறையவைத்து மேலே ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். வந்து பார்க்கும்போது நாணயம் அடியில் கிடந்தால் ஐஸ் முழுக்க உருகித் திரும்ப உறைந்திருக்கிறது என்று அர்த்தம். எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள், பாவம் பார்க்க வேண்டாம்.

சுதா_வெள்ளவத்தை · மூன்று கிழமைக்குப் பிறகு, ஞாயிறு இரவு 8.50

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

குசினிக்காரி அக்கா சொன்னபடி தாள் ஒட்டினேன். எங்கள் நான்கும் வெளியே வந்துவிட்டன: கீரை, சோறு, பிள்ளைகள் திறந்து பாதியில் விட்ட யோகட், பாதி தேசிக்காய். கறி குறைவாகத்தான் எறிகிறோம் என்று தெரிந்தது ஆச்சரியம்.

இப்போது டயல் 4 இல், வெப்பமானி 4 பாகை காட்டுகிறது. பச்சை மீன் அடித்தட்டில் ஒரு எவர்சில்வர் தட்டோடு. தயிர்ச்சட்டி மேல்தட்டின் ஓரத்துக்கு, துவாரத்தை மறைக்காமல், கௌரவமாகத் திரும்பிவிட்டது. கண் மட்டத்துத் தட்டில் ஒரு நீலத் தட்டம் மட்டும். முதல் முடிக்க வேண்டியதெல்லாம் அதில்: திறந்த யோகட், நேற்றைய பருப்பு, பாதி வெங்காயம். அந்தத் தட்டத்தில் இருப்பதை யாரும் கேட்காமல் எடுக்கலாம் என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்தால் வந்தவுடன் சின்னவன் முதலில் அதைத்தான் திறக்கிறான். பன்னிரண்டு பெட்டியில் ஐந்தைப் பாவிக்கிறேன், மிச்சத்தில் பிள்ளைகள் கிரயோன் வைத்திருக்கிறார்கள்.

சோற்றுக்கு வேறு வழி இல்லை, அரைச் சுண்டு அரிசி குறைத்தேன். முதல் நாள் மாமி "யாராவது வந்தால்?" என்றா. மூன்று கிழமையில் இரவு நேரத்தில் ஒரே ஒருவர்தான் வந்தார், அவரும் சாப்பிட்டுவிட்டு வந்தவர்.

வியாழன் சுண்டக்கறி முதல் கிழமை அடிப்பிடித்துக் கருகிவிட்டது, நான் போனில் இருந்தேன். இரண்டாம் கிழமை மாமி சட்டியை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டா. இப்போது அது அவவின் பொறுப்பு.

தோற்றது கீரை. பேப்பர் சுற்றினால் நிற்கிறது, உண்மை. ஆனால் கட்டு எங்களுக்குப் பெரிது. ஒரு நேரம் சம்பல், ஒரு நேரம் சுண்டல், மூன்றாம் நேரம் பிள்ளைகள் முகத்தைத் திருப்புகிறார்கள். போன கிழமையும் பாதிக் கட்டு வல்லாரை போனது.

கடற்கரைக்காற்று · ஞாயிறு இரவு 9.30

அன்றைக்குத் துடுக்காக எழுதிவிட்டேன், ஏழு மணிக் கடையைப் போய்ப் பார்த்தேன், நீங்கள் சொன்னது சரி. நானும் வெள்ளவத்தைதான். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும், எங்களுக்கும் அரைக்கட்டுத்தான் காணும். நான் புதன்கிழமைகளில் காலையிலேயே சந்தைப் பக்கம் போவேன். பாதி உங்களுக்கு எடுக்கவா? தனிச்செய்தியில் எழுதுங்கள்.

சுதா_வெள்ளவத்தை · ஞாயிறு இரவு 9.34

எழுதிவிட்டேன். வல்லாரை வேண்டாம், இந்தக் கிழமை பொன்னாங்காணி.